பதினான்காவது படி

பங்காளி,

இன்று காலை மருமகள் புது ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழையது போன வாரம்தான் வீட்டை விட்டுப் போனது. அதன் கைப்பிடியில் இத்தனை வருஷம் மாட்டியிருந்த அரக்கு நிறக் கம்பளிக் கையுறையை மட்டும் நான் கழற்றிப் புதியதில் மாட்டியிருந்தேன். அதை அவள் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, இத தூக்கிப் போட்டுடட்டுமா? பூச்சி அரிச்சிக்கினு கீது."

கையில் வாங்கினேன். அந்துருண்டை வாசனை. அதற்கும் அடியில், மூக்கை வைத்து நன்றாக இழுத்தால், உன் டெலிபோன் பூத்தில் காலையில் ஏற்றிவைக்கிற ஊதுவத்தியின் வாசனை. அது இன்னும் இருக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

"அது பங்காளியோட கை. அங்கியே மாட்டு" என்றேன்.

"மாமாவோட பங்காளியா?"

"என் பங்காளி."

"பொம்பளைக்கு ஏது அத்தே பங்காளி?" என்று சிரித்தாள். ஒரே வம்சத்து ஆண்பிள்ளைகள்தானே பங்காளிகள். கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த உறவு ஏது? அவள் கேட்டது நியாயம்தான். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே நீ போய்விட்டாய். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதல் வரியில் எழுதுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இதில் கொஞ்சம் பிந்திவிட்டது. நான் இன்று உயிரோடு உட்கார்ந்து எழுதுவது உன்னால்தான்.

அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மாம்பழக்கூழ் கம்பெனியில் ஸ்டோரில் வேலை. கூழ் டின் டின்னாக வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த காலம். சீசனில் தெருவே புளித்த மாம்பழமாக மணக்கும். எனக்கு முதலில் மணிக்கட்டு வீங்கியது. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் கட்டுக்குப் போனபோது கட்டுகிறவரே, "எலும்புல ஒண்ணும் இல்லம்மா, ரத்தத்துல இன்னாவோ கீது. பெரிய ஆஸ்பத்திரில காட்டு" என்று திருப்பி அனுப்பினார். மாமியார் காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்யச் சொன்னார். அதையும் செய்தேன். காய்ச்சல் வந்து வந்து போனது. கன்னம் இரண்டிலும் சிவப்பு படர்ந்தது. சீப்பை எடுத்தால் முடி அதோடு வந்தது. கடைசியில் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மாடியில் மூட்டு டாக்டரின் ஓ.பி., மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை.

ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த அன்று நர்ஸம்மா கையில் இரண்டு தாள்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிடாமல், "ஆர்.என்.பி. பாசிட்டிவ் எவரம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள். நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைதான் படித்தவள். தமிழை விஷ்ணு சகஸ்ரநாமப் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஆங்கில எழுத்தை மாத்திரை அட்டைகளில் கற்றுக்கொண்டேன். என் சீட்டில் அந்த மூன்று எழுத்தும் இருந்ததால் எழுந்தேன். பெஞ்சின் மறுகோடியில் நீயும் எழுந்தாய்.

நர்ஸம்மா இருவரையும் பார்த்தாள். குத்தியிருந்ததை ஒரே ரிப்போர்ட் என்று நினைத்திருந்தவள் குழம்பி, அக்கா தங்கையா என்று கேட்டாள்.

"இல்லம்மா, பங்காளிங்க. சொத்துத் தகராறு. தீர்ப்பு இன்னாவாச்சின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாய் நீ.

அதற்கு முன் உன்னை நான் பார்த்ததே இல்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

குண்டூசி குத்தியிருந்த தோஷமோ என்னவோ, டாக்டர் இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். அவர் தெலுங்குக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய ரத்தத்துச் சரக்கு ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறது, அப்படி அடிக்கிற சரக்கு உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்றார். ஆனால் எனக்கு வந்திருப்பது லூபஸ், உனக்கு வந்திருப்பது தோல் இறுகுகிற நோய்.

"ஒண்ணே சரக்குன்னா ரெண்டு நோவு எப்டி சார்?" என்று நீ கேட்டாய்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க தெலுங்குவாளுக்குப் பேருக்கு முன்னாடி இண்டிபேரு இருக்கு இல்லையா, வீட்டுப் பேரு? இந்த ஆர்.என்.பி. உங்க ரெண்டு பேருக்கும் இண்டிபேரு மாதிரி. இண்டிபேரு ஒண்ணு, மனுஷங்க வேற."

"இண்டிபேரு ஒண்ணுன்னா பங்காளி ஆயிடுவாங்களே சார். பொண்ணு குடுத்து எடுக்க மாட்டாங்களே."

"ஆமா, பங்காளிதான்" என்றார் டாக்டர், சீட்டில் எழுதிக்கொண்டே.

நீ என் பக்கம் திரும்பி, "பாத்தியாமே, வாய்க்கு வந்தத சொன்னேன், நெசமாப் பூடுச்சி" என்றாய்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பிறந்த ஊர் எது என்று கேட்டாய். சொன்னேன். நீ திருப்பதியில் பூத் வைத்திருந்தாலும் உன் தாய்வீடு அதற்கு அடுத்த ஊர். நடுவில் ஒரு ஏரிதான். "ஏரிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாய். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் வழி தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. "கரைக்கு அந்தப் பக்கம்மா" என்றேன். உங்கள் நிலத்தில் என் அம்மாவும் அத்தைகளும் நாற்று நட்டிருப்பார்கள். உங்கள் கிணற்றில் அவர்கள் இறங்கியிருக்க மாட்டார்கள்.  நீ டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் பாதி உப்புமாவைத் தள்ளி என் மடியில் வைத்தாய். "உப்பு கம்மியாத்தான் கீது. டாக்டர் சொன்னதுக்காக. துன்னு."

அன்றைக்கு உன்னை அம்மா என்றேன். ஆறு மாதத்தில் அக்கா என்றேன். "பங்காளிய யாராவது வாங்க போங்கன்னு கூப்புடுவாங்களா? நீன்னு சொல்லு" என்று நீ அதட்டிய பிறகும் வாயில் 'நீ' வர ஒரு வருஷம் பிடித்தது. இப்போது காகிதத்தில் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

மார்கழியில் என் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. கோயிலில் தீர்த்தம் வாங்கினால் உள்ளங்கையில் அந்தக் குளிர்ந்த நீர் பட்டதும் விரல் சுண்ணாம்பாக வெளுக்கும், பிறகு நீலமாகும், சூடு வந்ததும் சிவக்கும். உனக்கு அது முதலிலிருந்தே உண்டு. அதற்கு டாக்டர் தந்த மாத்திரையில் ஒரு அட்டையை நீ எனக்குக் கொடுத்தாய். "ஒரே இண்டிபேரு, ஒரே மாத்திர. அவரப் போய்க் கேக்கணுமா?" என்றாய். எனக்கும் அது சரியாகவே பட்டது. நீ சாப்பிடுவது போலவே மூன்று வேளையும் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் வெறும் வயிற்றோடு திருப்பாவை கேட்க நின்றவள், தீர்த்தம் வாங்க நீட்டிய கையோடு தடாலென்று விழுந்தேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பெருமாள் கோயிலில் எப்படிச் சாமி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டினார்கள். கண் திறந்தபோது ஒரு அம்மாள் என் காதருகே குனிந்து, "எம் பொண்ணுக்கு எப்பத் தாயே கல்யாணம் கூடும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தையில" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

டாக்டர் இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார். "இண்டிபேரு ஒண்ணுன்னா இவங்க கண்ணாடிய அவங்க போட்டுக்குவீங்களா? அவங்க பிரஷர் வேற, உங்க பிரஷர் வேற." நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். வெளியே வந்ததும், "அந்தப் பொண்ணுக்குத் தையில ஆச்சான்னு விசாரிச்சியா?" என்றாய்.

மாத்திரைக்குப் பதில் கையுறை என்று முடிவு செய்தோம். குளிர்காலத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் ஸ்வெட்டர் விற்க வருகிற திபெத்துக்காரர்களிடம் நீ ஒரே ஒரு ஜோடி எடுத்தாய். ஆளுக்கொரு ஜோடி எடுக்கலாமே என்றேன்.

"திருப்பதி வெயில்ல ரெண்டு கைலயும் மாட்டிக்கினு நின்னா பைத்தியம்னுவாங்க. ஒரு கைல மாட்டினா அடிபட்டுதுன்னு நெனச்சிக்குவாங்க. வலக்கை எனக்கு, போன் எடுக்கணும். எடக்கை உனக்கு."

அப்படித்தான் பங்கு பிரித்தோம். அதன் பிறகு நான் ஃபிரிட்ஜை இடக்கையால்தான் திறந்தேன். நீ சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடுகிற உன் பூத்தில், வலக்கையில் அரக்குக் கம்பளியோடு போனை எடுத்து, வரிசையில் நிற்பவர்களிடம் நீட்டுவாய். துபாய்க்கும் குவைத்துக்கும் அமெரிக்காவுக்கும் பேச வருகிறவர்கள் உன் கையைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நோட்டு ஆரம்பித்தேன். எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. அரிசி எந்தத் தேதியில் தீர்ந்தது, பால் எத்தனை நாள் வரவில்லை என்று எழுதுகிறவள் உடம்பை மட்டும் ஏன் விட வேண்டும்? இடப்பக்கம் நீ, வலப்பக்கம் நான். ஒவ்வொரு ஓ.பி. செவ்வாயும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதுவேன்: விரல், மூட்டு, காய்ச்சல், விழுங்க முடிகிறதா, மாடிப்படி. ஓ.பி.க்கு இருபத்திரண்டு படிகள். நிற்காமல் எத்தனை ஏறினோம் என்பதற்குக் கடைசிக் கட்டம்.

"சித்திரகுப்தன் இத பாத்தான்னு வையி, வேலைய உட்டுட்டு ஊட்டுக்குப் பூடுவான்" என்பாய்.

மூன்றாம் வருஷம் என் விரல்கள் உப்பின. மோதிரத்தை ஆசாரி வெட்டித்தான் எடுத்தார். இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் உன் மோதிரத்தை வெட்டியிருந்தார்கள். பிறகு எனக்குச் சோறு நெஞ்சில் நின்றது. அதுவும் உன் பக்கத்தில் முன்பே இருந்தது. உனக்கோ என்னுடையது போல முழங்கால் வீங்கிக் கன்னம் சிவந்தது. டாக்டர் என் கையையும் உன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இப்ப உங்க வீட்டு சாமான் அவங்க வீட்ல, அவங்க சாமான் உங்க வீட்ல. இந்த ஆர்.என்.பி. இருந்தா சில பேருக்கு இப்படித்தான், நோய்க்கு நடுவுல சுவரு நிக்காது. லூபஸும் இருக்கும், தோல் இறுக்கமும் இருக்கும், தசை வலியும் இருக்கும். கலந்து வரதுக்கே தனியா ஒரு பேரு இருக்கு."

"கூட்டுக் குடும்பம்னு எழுதுங்க சார், போதும்" என்றாய்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, நுரையீரலை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று சொல்ல வேண்டும் என்றார். நான் அதை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிவைத்தேன்.

அப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

உன் மகன் கம்ப்யூட்டர் படித்து ஹைதராபாத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவுக்குப் போக எல்லாம் கூடி வந்தது. எங்கள் வீடும் அந்த வருஷம்தான் திருப்பதிக்கு வந்தது, ஆனால் என் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்கு வர முடியும். நான் வரும்போதெல்லாம் நீ மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். "படி?" என்று கேட்பேன். "இருவத்தி ரெண்டு" என்பாய். எழுதுவேன். அடுத்த மாதமும் இருபத்திரண்டு. அதற்கடுத்த இரண்டு மாதமும் இருபத்திரண்டு. உன் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தேன். வெற்றிலை போட்டாயா என்று கேட்டேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

மகன் பிளேன் ஏறிய பிறகு வந்த செவ்வாய். நீ என் மடியிலிருந்து நோட்டை எடுத்தாய். பேனா கேட்டாய். மடங்காத விரல்களில் பேனாவைச் செருகிக்கொண்டு, இடப்பக்கத்தில் முதல் இருபத்திரண்டை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினாய். அடுத்ததை அடித்துப் பதினொண்ணு. அடுத்ததை அடித்து ஒன்பது. கடைசியை அடித்து, எண் எதுவும் போடாமல், லிஃப்ட் என்று எழுதினாய்.

அந்த லிஃப்ட் படுத்த நோயாளிகளுக்கு மட்டும்தான். லிஃப்டுக்காரர் வாரா வாரம் உன் பூத்தில் வந்து மஸ்கட்டில் இருக்கும் மகளோடு பேசுகிறவராம். உன்னை ஏற்றி விட்டிருக்கிறார்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "என் நோட்டுல பொய் எழுத வெச்சிட்டியே அக்கா."

"அவனுக்குத் தெரிஞ்சா போயிருப்பானா? அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா பாஸ்போர்ட்ட கிழிச்சிப் போட்டுட்டு இங்கியே பூத்துல குந்திக்கினு இருப்பான். அவன் போவட்டும்னுதான். டாக்டர்கிட்டயும் சொல்லல, உங்கிட்டயும் சொல்லல. நீ எழுதிடுவ, எழுதினா அவரு படிப்பாரு."

"பெருமாளே, இப்ப இன்னா பண்றது?"

"என்ன உடு. உன் பக்கத்தக் காட்டு."

வலப்பக்கத்தில் உன் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாய். போன மாதத்து வரியில் நின்றாய். அங்கே, இருபத்திரண்டு, ஆனால் பதினெட்டில் கொஞ்சம் நின்றேன், என்று நான் எழுதியிருந்தேன்.

"இது இன்னா?"

"அன்னிக்கி ஏகாதசிக்கா. பட்டினி. அதான்."

"ஏகாதசியா?" நீ பக்கங்களைப் பின்னால் திருப்பினாய். "தோ பாரு. மோதிரம் எனக்கு வெட்டினாங்க, ரெண்டு வருசத்துல உனக்கு. சோறு எனக்கு நின்னுது, உனக்கும் நின்னுது. விரல் வெளுத்தது எனக்குத்தான் மொதல்ல. எல்லாம் எங்கிட்ட வந்துட்டு அப்பறமா உங்கிட்ட வருது. இதுவும் வரும்மே. வந்துக்கினே கீது. இன்னிக்கே போய்ச் சொல்லு."

"பெருமாள் பாத்துக்குவாருக்கா."

"அவரு பாத்துக்கட்டும். நீயும் பாரு."

நான் பூஜை பண்ணுகிறவள். எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். பக்தி என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

டாக்டர் நோட்டை வெகுநேரம் வைத்துக்கொண்டார். ஒருவருக்கு வந்தது அப்படியே வரிசையாக இன்னொருவருக்கு வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். ஆனாலும் இருவரையும் எக்கோ எடுக்க அனுப்பினார். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற குழாயில் அழுத்தம் ஏறியிருந்தது. உனக்கு ரொம்ப. எனக்கு அப்போதுதான் ஆரம்பம். "நல்ல சமயத்துல வந்தீங்கம்மா" என்று என்னிடம் சொன்னவர், உன் பக்கம் திரும்பியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதான் அவருக்குச் சமாதானம் சொன்னாய். "பரவால்ல சார். மூத்த பங்காளி நானு. மொதல் பங்கு எனக்குத்தான்."

எனக்கு மாதம் ஒரு ஊசியாக ஆறு மாதம். பிறகு இருவருக்கும் ஒரு மாத்திரை எழுதினார், நுரையீரல் குழாயைத் தளர்த்துவதற்கு. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் படித்தார். குரலைத் தாழ்த்தி, "மீ ஆயனக்கா?" என்றார். உங்கள் வீட்டுக்காரருக்கா என்று.

"காதய்யா, மா இத்தரிக்கி" என்றாய் நீ, எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்று, கடை முழுக்கக் கேட்கும்படி.

அவர் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. தெருவில் வந்து அந்த மாத்திரை வழக்கமாக ஆண்பிள்ளைகளுக்கு எதற்கு விற்கிறது என்று நீ என் காதில் சொன்னாய். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். நீயும் சிரித்தாய். இருவருக்கும் மூச்சு போய்விட்டது. பக்கத்துத் துணிக்கடைப் படியில் உட்கார்ந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருந்தால்தான் சிரிப்பு அடங்கும் என்று, நீ கிழக்கே பார்த்துக்கொண்டு, நான் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாய். கைபேசி வந்து பூத்தில் கூட்டம் குறைந்தது. நீ உள்ளே உட்கார்ந்து மூச்சு வாங்காமல் இருப்பதற்கு அது வசதியாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டாய். மகன் வாரம் ஒருமுறை பேசுவான். அவன் குரல் கேட்கிற நேரம் மட்டும் நீ மூச்சைப் பிடித்துச் சீராகப் பேசுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பொய்யை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

ஒரு நாள் காலை உன் வீட்டுக்காரர் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைய உன் தாய்வீட்டு ஆட்கள். அந்த ஊர்ப் பெரியவர்களில் இரண்டு பேருக்கு என்னைத் தெரியும், அதாவது என் அப்பா யார் என்று தெரியும். நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். வாய்க்கரிசி போடக் கூப்பிடுகிற நேரத்தில் உன் வீட்டுக்காரர் தலையைத் தூக்கித் தேடினார். "பங்காளி வந்துட்டாங்களா?"

உன் சித்தப்பா, "எந்தப் பங்காளி? நாங்கல்லாம் இங்கதான கீறோம்?" என்றார்.

"அவ பங்காளி" என்று சொல்லி அவர் எழுந்து வந்து என்னைக் கூட்டிப்போனார்.  யாராவது ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அரிசியை எடுத்த என் விரல்கள் அந்த வெயிலிலும் வெளுத்துப் போயிருந்தன.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டில் சாவென்றால் வருஷம் திரும்புகிற வரை மலை ஏற மாட்டோம். மாதம் தவறாமல் பஸ்ஸிலாவது ஏறி அந்தப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். மொட்டைமாடிக்குப் போனால் மலை கண்ணெதிரே நிற்கும். அடுத்த மாதம் நான் கிளம்பாததைப் பார்த்து என் வீட்டுக்காரர், "அவங்க உனக்கு இன்னா ஒறவுன்னு நீ தீட்டு காக்குற? ரத்த சம்பந்தமா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

 அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அந்த ஒரு வருஷமும் மொட்டைமாடியில் நின்றே கும்பிட்டேன். உடம்பு முடியாதவள் தனக்குத் துணையாக இருக்கிற தெய்வத்தை இப்படி விலகி நின்று கும்பிடலாமா என்று என் மாமியார் கேட்டார். உன்னை எனக்கு அனுப்பியவன் அவன். உனக்காக நான் நிற்பதை அவன் தப்பாக எடுத்துக்கொள்வானா?

பதினாறாம் நாள் உன் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். வலக்கைக் கையுறை. என் இடக்கை அதற்குள் நைந்து நூலாகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஃபிரிட்ஜை வலக்கையால் திறக்கிறேன், உன் கையால்.

எக்கோ வருஷம் ஒருமுறை எடுக்கிறார்கள். அழுத்தம் அப்படியே நிற்கிறது, ஏறவில்லை. அந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த பெண் டாக்டர், என் வயதில் பாதிகூட இருக்க மாட்டாள், நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்த இடப்பக்கம் ஏன் காலியா வருது?" என்று கேட்டாள். அது பங்காளியின் பக்கம் என்றேன். அவளும் என் மருமகளைப் போலத்தான் சிரித்தாள்.

வலப்பக்கத்தில் பொய் எழுதுவதில்லை. போன செவ்வாய்: விரல் வெளுப்பு இரண்டு முறை, மூட்டு பரவாயில்லை, சோறு இறங்குகிறது, படி இருபத்திரண்டு. ஆனால் ஒரு தடவை நின்றேன் என்று ஒவ்வொரு மாதமும் சேர்த்து எழுதுகிறேன். பதினான்காவது படியில் நிற்கிறேன். மூச்சு வாங்கி அல்ல. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நீ உண்மையைச் சொன்ன முதல் எண்ணில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், அவ்வளவுதான். பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுவார்கள். "இன்னாம்மா, ஏற முடியலயா? லிஃப்ட்டுல போவக்கூடாதா?" என்பார்கள்.

"ஏறலாம். பங்காளி வரணும்" என்பேன்.